சலூனுக்குள் இரண்டடிக் கடல்

கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய ஊரில், கடல் தண்ணீரைக் கலந்து கொடுப்பது என் தொழில். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். என் மாமனார் சிரிக்கவில்லை.

ஆசையாக மீன் தொட்டி வாங்கி, அடுத்த வாரமே மீனைப் பூச்செடிக்கு அடியில் புதைத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். நீங்களெல்லாம் என் இனம். ஆனால் நீங்கள் பட்டது நல்ல தண்ணீர்க் கஷ்டம், நான் சொல்லப்போவது உப்புத் தண்ணீர்க் கஷ்டம். கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர், மணல், பாறை, மேலே நீல விளக்கு, தண்ணீரைச் சுழற்ற ஒரு மோட்டார். எல்லாம் கூடி வந்தால் அதில் பவளம் வளரும். கல்லாக இறுகுகிற பவளங்களை நம் நாட்டில் வீட்டில் வைக்கக்கூடாது, சட்டம் பிடித்துக்கொள்ளும். நான் வைப்பது மெத்தென்று இருக்கும் வகை, வேறு தொட்டிகளில் வெட்டி வளர்த்த துண்டுகள்.

இதற்கு முன்னால் எங்கள் ஊர் ஓரத்திலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். விட்டுவிட்டு வரும்போது மேனேஜர், "மாசி மகம் வரைக்கும் உன் எடத்துக்கு ஆள் போடல, சரிப்படலன்னா வந்துடு" என்றார். என் மனைவி செல்வி அதையே கெடுவாக வைத்துக்கொண்டாள். அதற்குள் ஒரு தொட்டியிலாவது பவளம் விரிந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி ஷிப்டு பஸ். மாமனார் கலியபெருமாள் மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் கெடு எதுவும் வைக்கவில்லை. விசாரிக்கிறவர்களிடம் எல்லாம் "மாப்ள லீவுல இருக்காரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதன்முதலாக மாட்டியவர் நெல்லித்தோப்பில் சலூன் வைத்திருக்கும் பலராமண்ணன். எதிர் வரிசையில் ஏசி போட்ட புது சலூன் ஒன்று வந்துவிட்டதால், அங்கே இல்லாத ஏதாவது ஒன்று தன் கடையில் வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். தீபாவளி முடிந்த கையோடு, அவர் கடையில் இரண்டு நாற்காலிகளுக்கும் எதிரே, முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு நடுவில் இரண்டடித் தொட்டி ஒன்றை இறக்கினேன். அதே கடைக்குத்தான் என் மாமனார் தினமும் காலையில் செப்புச் சொம்பில் குடிதண்ணீரோடு வந்து உட்கார்ந்து ஓசிப் பேப்பர் படிப்பார் என்பது இறக்கி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உப்புக் கரைத்த படலம்

முதல் வேலை தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீரை டிரம்மில் நிரப்பி, இதற்கென்றே விற்கிற உப்பைக் கொட்டிக் கலக்க வேண்டும். சலூன் வாசலில் நான் உப்புக் கரைப்பதைப் பார்க்கத் தெருவே கூடியது. "கடல் அங்கதான இருக்கு, ரெண்டு கேன் மொண்டு வர வேண்டியதுதான?" என்று ஒருவர் விடாமல் கேட்டார்கள். கரையோரத்துத் தண்ணீரில் வாய்க்கால் கலக்கிறது, படகு எண்ணெய் மிதக்கிறது, மழைக்காலத்தில் உப்பின் அளவே மாறிவிடுகிறது என்று நானும் ஒருவர் விடாமல் பதில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் அதையே கேட்பார்.

உப்பின் அளவைப் பார்க்க ஒரு சின்னக் கருவி உண்டு. ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். நான் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில் மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். டிரம்மில் ஆள்காட்டி விரலை விட்டு, நாக்கில் வைத்து, ரசம் ருசி பார்க்கிறவர் மாதிரி கண்ணை மூடினார். "இன்னும் ஒரு கை போடலாம்" என்றார். கருவியும் அதையேதான் சொன்னது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு கை போட்டேன். அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நம்ம ஊர்ல போர் போட்டாலே உப்புத் தண்ணிதான் வருது. அதை நல்ல தண்ணி ஆக்குனா ஊரே கும்புடும் மாப்ள. நல்ல தண்ணிய உப்புத் தண்ணி ஆக்கறதுக்கா கம்பெனில லீவு போட்டீங்க?"

ஒத்தை எறா

புதுத் தொட்டியில் உடனே உயிர் எதையும் விடக்கூடாது. முதலில் அதில் எதையாவது அழுக விட வேண்டும். அழுகலைத் தின்கிற, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாறையில் குடியேறிய பிறகுதான் அந்தத் தண்ணீர் உயிரைத் தாங்கும். பெரிய செலவில்லை. ஒரே ஒரு பச்சை எறா போதும், புத்தகத் தமிழில் இறால்.

மீன் மார்க்கெட்டில் எறா குவித்து வைத்திருந்த அக்காவிடம் போய் ஒன்று வேண்டும் என்றேன். ஒரு கிலோவைத் தட்டில் அள்ளினார். கிலோ இல்லை, ஒன்று என்றேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பூனைக்கா?" என்றார். "இல்லக்கா, தண்ணியில போட்டு அழுவ வைக்கணும்" என்று உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தவர்கள் அரிவதை நிறுத்திவிட்டார்கள். முழுசாக விளக்கினால் மானம் மிஞ்சும் என்று நினைத்து, அழுகினால்தான் கிருமி வரும், கிருமி வந்தால்தான் தொட்டிக்கு நல்லது என்று விளக்கினேன். இருந்த கொஞ்ச மானமும் அதில் போய்விட்டது. அக்கா ஒன்றைப் பொறுக்கி என் கையில் வைத்தார்.

"இது இன்னிக்குக் காலையில வந்தது, வீணாக்காத தம்பி. அழுவுனதுதான் வேணும்னா நாளைக்கு சாயங்காலம் வா, இங்கயே ரெடியா இருக்கும்."

இல்லாத மீன்

எறா அழுகித் தண்ணீர் பக்குவப்படப் பல வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் தெரிவது பாறையும் மணலும் நீல வெளிச்சமும்தான். சலூனுக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? குனிந்து பார்த்தார்கள், சாய்ந்து பார்த்தார்கள், கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன் வாங்குவதால் ஊரே 'முசே' என்று மரியாதையாகக் கூப்பிடும் சவரிநாதன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, பிரான்சில் இருந்தபோதும் இப்படித்தான் ஓர் இடத்தில் டிக்கெட் வாங்கிப் போய் ஒன்றையும் பார்க்காமல் திரும்பியதாகச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிவெட்ட வந்த வாண்டு ஒன்று நாற்காலியில் திமிறிக்கொண்டிருந்தது. பலராமண்ணன் குனிந்து அதன் காதில், "ஆடாத. கல்லுக்குப் பின்னாடி ஒரு மீனு இருக்கு, நீ ஆடுனா வெளிய வராது" என்றார். வாண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டது. அடுத்து உட்கார்ந்த அதன் அப்பாவும், முகத்தில் சோப்பு நுரையோடு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கடையில் ஒருவர் கன்னத்திலும் கீறல் விழவில்லை. அதுவரை "மீன எப்ப வுடுவ, மீன எப்ப வுடுவ" என்று என்னைக் குடைந்துகொண்டிருந்த பலராமண்ணன், கடை அடைக்கும்போது என் தோளைத் தட்டினார்.

"அவசரமே இல்ல தம்பி. இல்லாத மீனு இருக்கற வரைக்கும் எவனும் தலைய ஆட்ட மாட்டேங்கறான்."

தொட்டிக்கு ஷேவிங்

குழந்தைக்கு அம்மை போடுகிற மாதிரி, பக்குவப்படும் தொட்டிக்கும் ஒரு நோவு வரும். மணல், பாறை, கண்ணாடி எல்லாவற்றிலும் பழுப்புப் பாசி படியும். தானாகவே போய்விடும், பொறுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பலராமண்ணனிடம் சொல்லியும் வைத்திருந்தேன். ஆனால் எதிர்க்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னா, டீ போட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனதில் அவருக்குப் பொறுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டியைச் சுற்றி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. பலராமண்ணன் புது பிளேடு மாட்டிய கத்தியால் உள்பக்கக் கண்ணாடியை வழித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே ஓர் இழுப்பு, பிறகு கீழிருந்து மேலே ஓர் இழுப்பு. கண்ணாடிப் பாசிக்கு பிளேடை விட நல்ல சாமான் கிடையாது என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டு ரசித்தேன். வழித்து முடித்தார், கத்தியைத் துடைத்தார், பார்க்காமலே கையை நீட்டிப் படிகாரக் கட்டியை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் நனைக்கப் போனார். நான் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டேன். அது கரைந்தால் இத்தனை வாரம் பட்ட பாடு வீண் என்று கெஞ்சினேன். அவருக்கு மனசே இல்லை. கட்டியை வெளிப்பக்கக் கண்ணாடியில் ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

"வழிச்சி வுட்டுட்டு படிகாரம் போடலன்னா, இந்தத் தொட்டி என்னைப் பத்தி நாலு எடத்துல பேசும் தம்பி."

பதில் சொன்ன பெட்டி

தொட்டியின் பின்னால் நுரை எடுக்கிற கருவி ஒன்று மாட்டுவேன். அது கடையில் இருக்கும் காற்றை இழுத்துத் தண்ணீரில் குமிழியாக விட்டு, அழுக்கை நுரையாகத் திரட்டி மேலே ஒரு கப்பில் தள்ளும். கடையில் இருக்கும் காற்று என்று சொன்னேன் அல்லவா? எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைகளில் இருப்பது காற்று இல்லை, சாம்பிராணிப் புகை. இதை நான் யோசிக்கவே இல்லை. பிறந்ததில் இருந்து இதே புகையில் வளர்ந்தவனுக்கு அது எங்கே தனியாகத் தெரியப்போகிறது.

சாம்பிராணி பாய் வழக்கம்போல் வந்தார். சாமி படங்களுக்குக் காட்டினார், கல்லாவுக்குக் காட்டினார். புதுசாக ஒன்று இருக்கிறதே என்ற மரியாதையில் தொட்டிக்குப் பின்னால் வரை கையை விட்டு விசிறி, தாராளமாகக் காட்டினார். கருவி இரண்டு இழுப்பு இழுத்தது. அடுத்த நிமிஷம் கப் நிரம்பி, வழிந்து, பழுப்பு நுரை பலகையில் இறங்கி, நாற்காலியில் கண்ணை மூடியிருந்த ஒருவர் மடியில் போய் உட்கார்ந்தது. அவர் ஷேவிங் நுரை என்று நினைத்து முகத்தைத் தூக்கிக் கொடுத்தார். நான் பிளக்கைப் பிடுங்க ஓடினேன், பலராமண்ணன் துண்டை எடுக்க ஓடினார். பாய் மட்டும் தூபக்காலைப் பிடித்தபடி, பரவசமாக நின்றுகொண்டிருந்தார்.

"இத்தன வருசமா கடை கடையா காட்டுறேன். காட்டுனதுக்கு பதில் சொன்னது உங்க பெட்டி ஒண்ணுதாங்க."

வந்த விருந்தாளி

பொங்கல் கழிந்ததும் சென்னையில் இருந்து பஸ் பார்சலில் தெர்மாகோல் பெட்டி வந்தது. அதில் காளான் மாதிரித் தலையும், தலை நிறைய விரலும் உள்ள ஒரு பவளம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன், கண்ணாடி மேய இரண்டு நத்தைகள். புதுத் தண்ணீருக்குப் பழக்க, மெல்லிய டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். பக்கெட்டில் பவளத்தை வைத்து, மேலே டியூப்பைத் தொங்கவிட்டு, நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

மாமனார் செப்புச் சொம்பில் இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். செடியா என்றார். இல்லை, உயிர்ப் பிராணி என்றேன். வாய் இருக்குமா என்றார். இருக்கும், வயிறும் உண்டு என்றேன். கண்? இல்லை. கால்? இல்லை. அப்படியானால் சாப்பாட்டுக்கு? வெளிச்சத்தில் இருந்தால் போதும், அதன் உடம்புக்குள்ளேயே குடியிருக்கும் நுண்ணிய பாசிகள் சமைத்துப் போட்டுவிடும் என்றேன். அவர் பவளத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மறுபடி பவளத்தைப் பார்த்தார்.

"வாய் உண்டு, வயிறு உண்டு. அடுத்தவங்க ஆக்கிப் போடுறாங்க, இது கல்லப் புடிச்சிட்டு உக்காந்திருக்கு. இதுவும் லீவுல இருக்குதா மாப்ள?"

ஒரு மீன்

சலூனில் முன்னாலும் பின்னாலும் கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தொட்டிக்குள் தொட்டி, அதற்குள் தொட்டி என்று வரிசையாகப் போகும். இருக்கிற ஒரே மீன் ஒரு கூட்டமாகத் தெரியும். எதிர்க்கடைக்காரர் இதைத் தன் வாசலில் இருந்தே பார்த்து, தூக்கம் வராமல், ஒரு நாள் பலராமண்ணன் சாப்பிடப் போன சமயத்தில் உள்ளே வந்தார். மீனைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"எங்க கடையில கண்ணாடி இதவிட பெருசு தம்பி. எனக்கு ஒரே ஒரு மீனு குடு, போதும்."

இஸ்திரி போட்ட சட்டை

பவளம் முதல் சில நாட்களில் விரல் விரலாக நீட்ட ஆரம்பித்தது. பலராமண்ணன் வருகிறவர்களிடம் எல்லாம் "இன்னும் கொஞ்ச நாள்ல பாருங்க, பந்து மாதிரி விரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் விரல்கள் பாதியாகச் சுருங்கின. மறுநாள் முழுசாக உள்ளே போய்விட்டன. மொட்டைத் தலையாக, சவக்களையோடு அது கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நத்தை கண்ணாடியில் இருந்து கழன்று மணலில் விழுந்து, எழுந்திருக்கவே இல்லை. உப்பைப் பார்த்தேன், சூட்டைப் பார்த்தேன், வழக்கமாகச் சோதிக்கிற அத்தனையும் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீரைச் சோதித்துப் பிழைத்தவனுக்குத் தண்ணீரில் என்ன குறை என்று தெரியவில்லை.

பலராமண்ணன் கண் திருஷ்டி என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். முசே சவரிநாதன் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியதாகச் சொன்னார். மகத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. கம்பெனி வேலை கேவலமில்லை. ஆனால் ஆசைப்பட்டதை ஒரு முறைகூடச் செய்து காட்டாமல் திரும்பிப் போக எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்று வீட்டுக்குப் போனால் கம்பெனிச் சட்டை துவைத்து, இஸ்திரி போட்டு, நாற்காலியில் இருந்தது. நான் சட்டையைப் பார்ப்பதைச் செல்வி பார்த்தாள்.

"போட்டுக்கணும்னு வைக்கல. சும்மா கெடக்கறப்ப கசங்கிப் போவுதேன்னு தேச்சி வச்சேன், அவ்ளோதான்."

செப்புச் சொம்பு

தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே இறங்கினால் கேனில் இருந்து ஊற்றச் சொல்லிப் பலராமண்ணனிடம் ஒப்படைத்திருந்தேன். கேன் தீர்ந்திருக்குமே என்று கேட்டதற்கு அவர், "கொஞ்ச நாளா நான் ஊத்தவே இல்லியே தம்பி, எப்பப் பாத்தாலும் கோடு வரைக்கும் நிக்குது" என்றார். கொளுத்துகிற வெளிச்சத்தில் தண்ணீர் ஆவியாகாமல் நிற்குமா? மறுநாள் கடை திறக்கிற நேரத்துக்கே போய், பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டேன்.

பலராமண்ணன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மாமனார் வந்தார். பேப்பரை எடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தொட்டிக்குப் போய், கோட்டுக்கு நேரே கண்ணை வைத்துக் குனிந்து, செப்புச் சொம்பைச் சாய்த்து ஊற்றினார். இரவெல்லாம் செம்பில் ஊறிய தண்ணீர். மனிதனுக்கு நல்லது என்று அவர் நம்புவது இருக்கட்டும், பவளத்துக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். துளித் துளியாகச் சேர்ந்தாலும் போதும். இந்த ஊர்ச் சலூனில் தொட்டிக்குள் செம்பு வரும் என்று எனக்கு எப்படித் தோன்றும், நான் அதைச் சோதிக்கவே இல்லை. உள்ளே ஓடி, "மாமா, நிறுத்துங்க" என்றேன். அவர் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொல்ல இருந்தேன். அவர் குடிக்கிற தண்ணீரில் பாதியைத் தினமும் இதற்குக் கொடுத்திருக்கிறார் என்பது அதற்குள் மண்டையில் ஏறிவிட்டது. "ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கோடு தெரிஞ்சிது மாப்ள. நாலு பேரு வந்து போற எடம், தண்ணிகூட ஊத்தாம வுட்டுட்டாருன்னு உங்களச் சொல்லுவாங்களேன்னு ஊத்துனேன்."

மகத்தன்று

அதன் பிறகு தினமும் பாதித் தண்ணீரை மாற்றினேன். கரித்தூள் பை போட்டேன், செம்பை உறிஞ்சும் பஞ்சு வைத்தேன். ஆர்.ஓ. கேனைத் தூக்கி வருவது மாமனாரின் வேலை என்று அவரே எடுத்துக்கொண்டார். சொம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார், தாகம் எடுத்தால் டீக்கடையில் குடித்தார். நான் உப்புக் கரைக்கும்போது விரலை நீட்டிக்கொண்டு வருவார். பிறகு ஞாபகம் வந்து விரலை மடக்கிக்கொள்வார். பாவமாக இருந்தது. ஒரு நாள் நானே, "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க மாமா" என்றேன். பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கை என்றார்.

மாசி மகத்தன்று காலையில் சலூனில் நல்ல கூட்டம். வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வரும் நாள், கிராமத்தில் இருந்து வந்தவர்கள் எல்லாம் முகத்தை மழித்துக்கொண்டுதான் கடலுக்குப் போவார்கள். நாற்காலியில் இருந்தவர் மாமனாரின் பங்காளி, பாதி முகத்தில் நுரை. மாமனார் பேப்பரைத் தொடாமல் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் விளக்கைப் போட்டேன். பவளம் முந்தின நாள் மாதிரியே மொட்டையாக இருந்தது. வீட்டில் நாற்காலியில் சட்டை இருந்தது. பங்காளி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "உம் மாப்ள இன்னும் லீவுலயா இருக்காரு?" என்று மாமனாரைக் கேட்டார். அப்போதுதான் பலராமண்ணன் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி, "ஆடாதீங்க, யாரும் ஆடாதீங்க" என்றார்.

பவளத்தின் தலையில் ஓர் ஓரத்தில் ஒரு விரல் வெளியே வந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. கடை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. பாதி முகம் மழித்த பங்காளியும் அப்படியே உட்கார்ந்திருந்தார். தலை நிறைய விரல் நீட்டி அது தண்ணீரில் ஆட ஆரம்பித்தது. மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தார், கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தார். பிறகு பங்காளிப் பக்கம் திரும்பி, விட்ட இடத்தில் இருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

"லீவு எல்லாம் இல்ல. எங்க மாப்ளைக்கு இந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தறதுதான் வேலை. லேசுப்பட்ட வேலைன்னு நெனைக்காத, நானே ஊத்திப் பாத்துட்டேன்."

* * *

கம்பெனிச் சட்டை கண்ணாடி துடைக்கும் துணியாகி, எதிர்க்கடைக்காரரும் ஒரு தொட்டி சொல்லிவிட்ட இந்த நேரத்தில், தொட்டிக்கு மூடி எதற்கு, மீன் குதித்துவிடுமா என்று கேட்கிற எல்லா வாடிக்கையாளருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மீன் குதித்தால் எடுத்து உள்ளே விட்டுவிடலாம் சார், நம்ம மேல பாசம் வச்சவங்க ஊத்துனதைத் திருப்பி எடுக்கறதுதான் லேசு இல்ல.